பள்ளிவாசல் தொட்டித் தண்ணீர்

பழைய பள்ளிவாசல்களைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது. தூணில் ஆணியால் காதலியின் பெயரைக் கீறுபவன், மண்டபம் எதிரொலிக்கிறதா என்று கை தட்டிப் பார்ப்பவன், இமாம் ஏறி நிற்கும் படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்பவன் என்று பீஜப்பூரிலிருந்து அவுரங்காபாத் வரை பார்த்துப் பார்த்து வெறுத்துப்போயிருந்தேன். தொண்ணூறுகளில் எனக்குப் புனேயை அடுத்த சாகணில் வேலை, ஔந்தில் வீடு. லீவு கிடைத்தால் கேமராவோடு கிளம்பிவிடுவேன். தலையில் கைக்குட்டை கட்டிக்கொள்வேன். தொழுகை முடியும்வரை வெளியே நிற்பேன். சாமி வேறாக இருந்தாலும் மரியாதை தெரிந்தவன் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டத்தை நம்பி, எங்கள் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் ஊருக்கு அழைத்தார். புனேயிலிருந்து இரண்டு மணி நேரம். அங்கே சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டம் உள்ளே சிகரெட் துண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதிலிருந்து, வெளியாட்களை விடுவதில்லை என்று ஊர்க்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். இவர் என் நண்பர், இவருக்கு நான் பொறுப்பு என்று சொல்லி அவர் அனுமதி வாங்கியிருந்தார். வழியில் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பியும் கூடவே ஒட்டிக்கொண்டான். வழியில் இரண்டு வடா பாவ் தின்றான், அதன் மேல் பான் மசாலா. நாங்கள் போன வேன் முழுக்க அந்த நாற்றம். பள்ளிவாசல் வாசலில் அடைத்துக்கொண்டு நின்ற ஆடுகளுக்கு நடுவே வேறு வழியில்லாமல் வெறுங்காலோடு நடந்தோம். நண்பர் உள்ளே தன் மாமாவோடு பேசிக்கொண்டிருக்க, நான் மேற்குச் சுவரில் செதுக்கியிருந்த பூங்கொடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டு முற்றத்துக்கு வந்தேன்.

முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய கல்தொட்டி. தொழப் போகிறவர்கள் அதன் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரை அள்ளி முகம் கை கால் கழுவுவார்கள். அதே தண்ணீரில்தான் வாய் கொப்பளிப்பார்கள், மூக்குக்குள்ளும் ஏற்றுவார்கள். யாரும் காலை உள்ளே விடமாட்டார்கள். என் மைத்துனன் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அதற்குள் இறங்கி நின்றான். ஆட்டுப் புழுக்கை ஒட்டிய பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்தான். பிறகு குனிந்து ஒரு வாய் அள்ளி, கரகரவென்று கொப்பளித்து, அதற்குள்ளேயே துப்பினான். பழுப்பாக ஒரு கோடு நீண்டு கரைந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே ஏறு என்றேன்.

"கோயில் கொளம் மாதிரித்தானுங்க மாமா. காலக் கழுவிட்டுத்தானுங்க உள்ள போகோணும்?"

அவனிடம் ஒரு விஷமமும் இல்லை. எங்கள் ஆட்கள் குளத்தைக் கண்டால் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தான். அதனால் அருவருப்பு குறைந்துவிடவில்லை. வேனுக்குப் போய் உட்கார் என்று விரட்டினேன். சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அது ஏப்ரல் மாதம். அந்தத் தொட்டியை டேங்கர் வைத்து நிரப்பியிருந்தார்கள். சொன்னால் அத்தனை தண்ணீரையும் கொட்டுவார்களோ என்னவோ. பொறுப்பு என்று சொன்னவரின் முகம் அந்தப் பெரியவர்கள் முன்னால் என்னவாகும்? இப்படி அவருக்காகக் கவலைப்படுவதுபோல் நின்றேன். உண்மையில் என் பட்டம் போய்விடுமே என்றுதான் கவலை.

பாங்கு சொன்னார்கள். ஐந்தாறு பேரோடு நண்பர் வந்து விளிம்பில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார். சொல், சொல் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்து வெளியே துப்பினார். இன்னொரு கை. இன்னொன்று. ஆறு வருடம் பழகிய மனிதர். நான் கேமராவின் தோல்பட்டையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

முகத்தில் நீர் சொட்ட என்னைப் பார்த்துச் சிரித்தார். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, இந்த வெயிலுக்கு நீங்களும் முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்றார் இந்தியில். கை நிறைய அள்ளி என் பக்கம் நீட்டவும் செய்தார்.

நான் சட்டென்று ஓரடி பின்னால் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். என் முகத்தில் தெரிந்த அருவருப்பை அவர் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டார்.

"பரவாயில்ல சாப். எங்க தண்ணி வேண்டாம்னு சொன்னவங்கள நெறைய பாத்திருக்கேன். நீங்க அப்படி இல்லன்னு நெனச்சேன்."

காரணம் அதுவல்ல என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் அவர் வாயில் போனது என்ன என்பதையும், நான் அதை வேடிக்கை பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் தண்ணீரைத் தீண்டாதவன் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சீ, அது எனக்கு அப்போது சுலபமாகக்கூட இருந்தது.