பெரியாயியின் இடது கை

பதுளைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் அவர்களுடைய பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொண்டவள் பெரியாயி. புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். பெற்ற பிள்ளை இல்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஐப்பசி மழையில் அவளுடைய இடது கையின் உட்புறம் வட்டமாக ஒரு தடிப்பு வந்தது. ஓரம் சிவப்பு, நடு வெளிறல்.

"குஷ்டம்டி அது" என்று குழாயடியில் சொன்ன ஜெயலெட்சுமிதான் முதலில் தன் மகளை நிறுத்தினாள். ஒரு கிழமைக்குள் பதினோரு தொட்டிலும் காலி.

பெரியாயி பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் முன்னால் அழுக்காக நிற்கக்கூடாதென்று கையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கந்தகக் களிம்பும் பூசியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரரான டாக்டர் சிற்றம்பலம் தடிப்பில் ஊசியால் தொட்டார். கையை இழுத்துக்கொண்டாள்.

"உணர்ச்சி இருக்கு, நல்லது. ஆனா செதிலைச் சுரண்டிப் பார்க்கவேணும். நீங்கள் ஒண்டும் மிச்சம் வைக்கேல்லையே அம்மா! ரெண்டு கிழமை ஒண்டும் பூசாமல் வாங்கோ."

"இன்னும் ரெண்டு கிழமையாங்க?"

அந்த நாட்களிலும் காலையில் காம்பராவைத் திறந்து கூட்டினாள். தொட்டில் சேலைகளை உதறிக் கட்டினாள். பிறகு உட்கார்ந்திருந்தாள். கை நமைத்தது, சொறியவில்லை. பேச ஆளில்லை.

மறுமுறை டாக்டர் செதிலை வழித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். "படர்தாமரைதான். பூஞ்சணம் நூல் நூலாய்க் கிடக்கு. இந்தக் கையிலை என்னத்தைத் தாங்கிறனீங்கள்?"

"புள்ளைங்க தலையத்தாங்க."

"ஆருக்கும் தலையிலை வட்டமாய் மயிர் உதிர்ந்திருக்கோ?"

அவளுடைய கையிலன்றித் தூங்காத பிள்ளை ஒன்றுதான். டாக்டர் கொடுத்த களிம்புக் குப்பியோடு நேரே ஜெயலெட்சுமியின் வீட்டுக்குப் போனாள்.

"கிட்ட வராதீங்க!"

"சும்மா இருடி. குஷ்டமில்ல, படர்தாமரை. புள்ள தலையக் காட்டு."

காதுக்கு மேலே, மயிருக்குள், பொத்தான் அளவு மொட்டை. ஜெயலெட்சுமி எட்டி வாசலைப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. எம்புள்ளைய ஒதுக்கிருவாங்க."

"நீ என்னைய ஒதுக்குன மாதிரியா?"

ஜெயலெட்சுமி அழுதாள். பெரியாயி அதற்கெல்லாம் நிற்கவில்லை. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. தனித்துண்டு, தனிச்சீப்பு. தெரிஞ்சுதா?"

எங்கே தொற்றியதென்று கங்காணி பெரியாயியிடம் கேட்டார். "மழைதாங்க" என்றாள்.

கையில் வட்டம் மறையும்வரை மற்றத் தாய்மார் பிள்ளைகளை அனுப்பவில்லை. தை பிறக்கும்வரை ஒரே ஒரு தொட்டில், தனிச்சேலையோடு, ஆடிக்கொண்டிருந்தது.