வேலுமணியின் அறுபத்தாறு கிரெடிட்

தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று ஒரு மனிதன் எத்தனை முறை நிரூபிக்க வேண்டும்? வேலுமணியின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. மிகப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவருடைய மனைவி ஜலஜா. ஆனால் அதைக் கேள்வியாக வைத்து யோசிக்க அவளுக்குப் பொழுது இருந்ததில்லை. அவளுக்கு அது கோபமாகத்தான் வந்தது.

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலுமணி பதினோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தார். படிப்பு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. பி.இ. முடித்த பையன்கள் வருவார்கள். ஆறு மாதம் அவரிடம் வேலை கற்றுக்கொள்வார்கள். ஏழாம் மாதம் அவருக்கே அதிகாரியாகிவிடுவார்கள். டிப்ளமோக்காரர்களை பி.இ.யில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வதுண்டு. அதற்கு இரண்டு தடவை மனுப் போட்டார். இரண்டு தடவையும் இடம் கிடைக்கவில்லை. தொண்ணூற்று மூன்றில், அவருடைய அக்கா பத்து வருஷத்துக்கு முன் போட்டுவைத்த மனு பலித்து, கிரீன் கார்டு வந்தது. மனைவியையும் கைக்குழந்தை விஷாகாவையும் அழைத்துக்கொண்டு நியூ ஜெர்சியில் ஐசலினுக்கு வந்து சேர்ந்தார்.

மருந்து பாட்டில்களில் மூடி போடும் ஆலை ஒன்றில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. இங்கேயும் கதை மாறவில்லை. மெஷின் நின்றால் அவரைக் கூப்பிடுவார்கள். ஏன் நின்றது என்று அறிக்கை எழுதுவதற்கு மட்டும் என்ஜினியர் வருவார். என்ஜினியர் ஆக வேண்டுமானால் நான்கு வருஷப் பட்டம் வேண்டும் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டத்தை வாங்கியே தீருவது என்று முப்பத்தேழு வயதில் அவர் தீர்மானித்தார். கூடவே ஜலஜாவின் சாயங்காலங்களும் தீர்மானிக்கப்பட்டுவிட்டன. அவளை யாரும் கேட்கவில்லை.

யோசனை கேட்டது அக்கா வீட்டுக்காரர் கோபாலசாமியிடம். அவர் பி.இ. சிவில், நியூ ஜெர்சி மாநிலச் சாலைத் துறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, சோபாவில் சாய்ந்தபடி அவர் சொன்னார்:

“டிப்ளமோவ இங்க மதிக்க மாட்டாங்க, மாப்ள. பத்தாவதுக்கு அப்புறம் படிச்சதுதானேன்னு ஹைஸ்கூல் கணக்குல தள்ளிருவாங்க.”

“அப்ப என்ர பதினோரு வருஷ சர்வீஸுங்க மாமா?”

“அதுக்குத்தான் வேல குடுத்துருக்கான். காலேஜ்ல போயி சர்வீஸப் பத்திப் பேசாத, சிரிப்பான். கவுன்ட்டி காலேஜ்ல சேந்துக்கோ. ரெண்டு வருஷ டிகிரி. முடிச்சா யுனிவர்சிட்டில நேரா மூணாவது வருஷம். எங்க ஆபீஸ்லயே ரெண்டு பேரு அப்படிப் படிச்சு வந்தவங்க.”

“அட, நம்ம பாலிடெக்னிக் கணக்குத்தானுங்களே!”

“அதேதான்.”

கோபாலசாமி சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கவுன்ட்டி காலேஜ் வாசலை மிதித்தவரில்லை. வேலுமணியும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஊரில் இப்படித்தான் படிப்பைத் தேர்ந்தெடுப்பது: சொந்தத்தில் பெரிய படிப்புப் படித்தவர் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். அவருக்கு அந்த விஷயம் தெரியுமா என்று விசாரிப்பது மரியாதைக்குறைவு.

காலேஜில் பெயர் பதியப் போனபோது ஜலஜாவும் கூடப் போயிருந்தாள். கையேட்டில் இரண்டு படிப்புகள் இருந்தன. என்ஜினியரிங் சயின்ஸ் என்பதில் முழுக்கக் கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும். மெக்கானிக்கல் டெக்னாலஜி என்பதில் டிராயிங், ஹைட்ராலிக்ஸ், லேத் வேலை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், பிறகு யுனிவர்சிட்டிக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் மாடியில் கவுன்சலர் இருக்கிறார், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள்.

“ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்களே” என்றாள் ஜலஜா.

“கவுன்சலரு எதுக்கு? வீட்டுல தகராறு, மனசு சரியில்லைங்கறவங்களுக்கு. எனக்கென்ன கேடு? மாமாதான் சொல்லிட்டாரில்ல.”

அவர் மெக்கானிக்கல் டெக்னாலஜியில் கையெழுத்துப் போட்டார். அவருடைய கணக்கு எளிமையானது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவனை மெக்கானிக்கல் பி.இ.யில் சேர்த்துக்கொள்வார்கள். டிப்ளமோவில் எந்தெந்தப் பாடம் படித்தாய் என்று ஊரில் எவனும் கேட்டதில்லை. பாடத்தை முடிவு செய்வது காலேஜின் வேலை. மார்க் வாங்குவது மாணவன் வேலை. தெரிந்த பாடத்தை எடுத்தால் மார்க் அள்ளலாம்.

ஆறு மணிக்கு ஆலை, இரண்டரைக்கு வீடு, ஐந்தரைக்குக் காலேஜ். செமஸ்டருக்கு இரண்டு பாடம், சில சமயம் மூன்று. இரண்டு வருஷப் படிப்பு அவருக்கு நான்கு வருஷமாக நீண்டது. அப்போது அவர்களிடம் ஒரே கார். ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை ஒன்றில் கல்லாவில் நின்ற ஜலஜா, யாராவது வீட்டுப் பக்கம் போகிறார்களா என்று கேட்டுக் கேட்டு, தெரியாதவர்களின் கார்களில் தொற்றிக்கொண்டு வீடு திரும்பினாள்.

தெரிந்த பாடமும் சுலபமாக இருக்கவில்லை. முதல் செமஸ்டரிலேயே டிராயிங் தாளில் சிவப்புக் கோடு வாங்கி வந்தார். தாளை மேஜையில் விரித்துப் போட்டு, கோபத்தில் உட்காராமல் நின்றார்.

“என்னங்க தப்பு? கோடெல்லாம் அளவெடுத்த மாதிரித்தான இருக்குது?”

“கோட்டுல தப்பில்ல. நம்மூர்ல மேலருந்து பாக்கற படத்தக் கீழ போடுவோம். இங்க மேல போடணுமாம்.”

“அவ்வளவுதானா? மேல போட்டுட்டுப் போங்க.”

“பதினோரு வருஷமா நான் போட்ட படத்த வெச்சுத்தான் பம்ப் ஓடிச்சு. இப்ப பாடம் நடத்தற அந்தப் பையன், இருவத்தஞ்சு வயசிருக்கும், எனக்குப் பொருளக் கண்ணால பாக்கவே தெரியலைங்கறான்.”

மறுவாரம் முதல் மேலே போட்டார். உடற்பயிற்சி என்று ஒரு பாடம் கட்டாயம் என்றார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு அரைக்கால் சட்டை போட்டு ஓடினார். மேடைப் பேச்சு என்று ஒன்று. ஐந்து நிமிஷம் பேச வேண்டிய பேச்சை வீட்டில் மூன்று வாரம் பேசினார். “அப்பா, இட்ஸ் நாட் வெஹிக்கிள்” என்று நாலு வயது விஷாகா உச்சரிப்பைத் திருத்தினாள். ஜலஜாவுக்குச் சிரிப்பு வந்தது ஒருமுறைதான். மற்றபடி எரிச்சல். அவர் உழைப்பைப் பெரிய சாதனை என்று அவள் அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஆலை, காலேஜ், வீடு என்று ஓடிய மனிதர் மாடியில் ஒரு கதவைத் தட்ட மட்டும் நேரமில்லாமல் இருந்தார் என்பதை மறந்துவிட்டுப் பாராட்ட அவளால் முடியாது.

தொண்ணூற்றெட்டு மே மாதம், பாடத்துக்கு மூன்று நான்கு என்று சேர்ந்த அறுபத்தாறு கிரெடிட்டுகளோடு படிப்பு முடிந்தது. இரண்டு பாடம் தவிர எல்லாவற்றிலும் ஏ. மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, இருவரும் பல்கலைக்கழகம் ஒன்றில் வேறு காலேஜிலிருந்து மாறி வருபவர்களுக்கான சேர்க்கை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த நடுவயதுப் பெண் பொறுமைசாலி. ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்து, பதினேழு என்றாள். அறுபத்தாறில் பதினேழுதான் என்ஜினியரிங் பட்டத்துக்குச் செல்லும். இங்கிலீஷ், மேடைப் பேச்சு, வரலாறு, அப்படிச் சில. டிராயிங் இல்லை, ஹைட்ராலிக்ஸ் இல்லை, லேத் இல்லை. அவருக்கு முன்பே தெரிந்திருந்த எதுவும் இல்லை.

“மார்க் பாருங்கள்” என்றார் வேலுமணி ஆங்கிலத்தில்.

மார்க் அருமை என்று அவள் ஒப்புக்கொண்டாள். மார்க் விஷயமில்லை, இந்தப் படிப்பு நேராக வேலைக்குப் போகிறவர்களுக்காக ஏற்பட்டது, மூன்றாம் வருஷத்தில் உட்கார கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி முடித்திருக்க வேண்டும், இதை உங்கள் காலேஜ் கவுன்சலர் முதல் நாளே சொல்லியிருப்பாரே என்று கேட்டாள். வேலுமணி மார்க் ஷீட்டைத் திரும்ப உறைக்குள் போட்டார். இங்கே வகுப்புகள் பகலில் மட்டுந்தான் என்பதையும் அவள் வருத்தத்தோடு சொன்னாள்.

காரில் ஜலஜா வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

“நாலு வருஷங்க. மாடிப்படி ஏற மாட்டேன்னீங்க. இருவது படி இருந்திருக்குமா?”

“மாமா சொன்னாருன்னுதான...”

“மாமாவையா சேத்துக்க மாட்டேங்கறாங்க? உங்களத்தான சேத்துக்க மாட்டேங்கறாங்க.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பாமல் நேராகப் போனார்.

வழி காட்டியது ஷைன். நாகர்கோவில் பையன், அதே ஆலையில் என்ஜினியர், வேலுமணிக்கு மேலே இருப்பவன். ஆனாலும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். ஜூன் மாதம் வீட்டுக்கு வந்து, பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே சொன்னான்:

“யாண்ணே இப்பிடி மொகத்தத் தூக்கி வச்சிருக்கிய? முக்கால் மணி நேர டிரைவ்ல இன்னொரு காலேஜ் இருக்கு. டெக்னாலஜில நாலு வருஷ டிகிரி. ஒங்க அறுபத்தாறையும் அப்பிடியே எடுப்பான். க்ளாஸ் எல்லாம் சாயங்காலம். நீங்க அப்ளை மட்டும் பண்ணுங்க.”

“அது என்ஜினியரிங் டிகிரியா?”

“பேரு டெக்னாலஜிதான். எச்.ஆர்.ல எவன் பாக்கான்? பேச்சலர்னு இருந்தா போதும். ரெண்டாயிரத்தொண்ணுல என் பாஸ் ரிட்டயர் ஆவாரு. நான் மேல போனா என் சீட்டு ஒங்களுக்கு. பேசி வச்சாச்சு.”

“அத்தன சுலபமா?” என்றாள் ஜலஜா.

“மதினி, இவுக ஏற்கெனவே செய்யிற வேலதான. பேர மட்டுந்தான மாத்தணும்.”

“பேர மட்டுமா?” என்றார் வேலுமணி, யாரையும் பார்க்காமல்.

விண்ணப்பத்தை ஜலஜாவே நிரப்பினாள். இந்த முறை அந்தக் காலேஜுக்கு அவளே போன் செய்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஆகஸ்ட் முதல் வாரம் கடிதம் வந்தது. அறுபத்தாறும் ஏற்கப்பட்டன. மூன்றாம் வருஷத்தில் இடம். இருபதாம் தேதிக்குள் உள்ளே இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கோடை விடுமுறையிலும் பாடம் எடுத்தால் ஷைன் சொன்ன நேரத்துக்குப் பட்டம் கையில் இருக்கும். அமெரிக்கா வந்ததிலிருந்து ஒரு காரியம் நேராக நடக்கிறதே என்று ஜலஜா முதல் தடவையாக நிம்மதிப்பட்டாள். அட்டையில் தபால்தலையும் ஒட்டி, அவர் சாப்பிடும் இடத்தில் வைத்தாள்.

அட்டை அங்கேயே இருந்தது. பத்தொன்பதாம் தேதி வேலுமணி ஆலையிலிருந்து நேரம் கழித்து வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஜலஜா பிரித்துப் பார்த்தாள். பழைய கவுன்ட்டி காலேஜின் ரசீது. கால்குலஸ், முதல் பாகம். செவ்வாய், வியாழன், சாயங்காலம் ஆறு மணி. எந்தப் பட்டத்துக்காக என்ற இடத்தில் எதுவும் நிரப்பப்படவில்லை. இதில் சேர முன்கூட்டியே ஒரு கணக்குப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். அதையும் அவளிடம் சொல்லாமல் எப்போதோ போய் எழுதியிருக்கிறார்.

“இதென்னங்க? மறுபடியும் மொதல்ல இருந்தா?”

“ம்.”

“அந்தப் பகல் காலேஜுக்குப் போறதுக்கா?”

“இல்ல.”

“அப்ப அட்டைய அனுப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“ஷைன் சீட்டு குடுக்கறேங்கறான். எல்லாக் கிரெடிட்டும் எடுத்துக்கறேங்கறாங்க. பின்ன எதுக்குங்க இது? எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த.”

வேலுமணி துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“செவ்வாய் வியாழன் கார் எனக்கு வேணும். கடைல ஜாய் கூட வந்துர்றியா?”

கடையில் கூட வேலை செய்யும் ஜாயின் காரில் ஜலஜா வீடு வந்தாள். இருபதாம் தேதி கடந்துபோனது. இரண்டாயிரத்தொன்றில் ஷைனின் நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒரு பெண் வந்தாள்; ஆறு மாதம் வேலுமணியிடம் வேலை கற்றுக்கொண்டாள். அதற்குள் அவர் கால்குலஸ் மூன்று பாகத்தையும் முடித்து, பிசிக்ஸ் எடுத்திருந்தார். ஜலஜா அவ்வப்போது கேட்டுப் பார்த்தாள். கோபமாகக் கேட்டாள், சிரித்தபடி கேட்டாள், மகளை விட்டும் கேட்க வைத்தாள். அவர் ஏன் என்று சொல்லவில்லை.