வாயால் அடித்துக் காட்டிய விசில்

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இன்ஜினின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார் மேஸ்திரி. இடது கையில் குழாய். வலது கை ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்து இழுத்து விட்டது. இழுத்தால் இன்ஜின் உறுமும். விட்டால் பழையபடி மெல்லிசாக விசில் அடிக்கும். எனக்கு அது ஜன்னல் வழியே நன்றாகக் கேட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி பெற்றவள் நான். மேஸ்திரியின் மனைவி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வீட்டின் முன்பக்கமே பட்டறை. அவள் அறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் வண்டிகளை நிறுத்துவார்கள். புகை வந்தால் ஜன்னலைச் சாத்துவேன். அவள் திறக்கச் சொல்வாள்.

மேஸ்திரி மீசை முளைக்கும் முன்பே ஸ்பேனர் பிடித்தவர். வேறு வேலை தெரியாது, ஆசையும் கிடையாது. வாடகைக் கார் ஓட்டுபவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்று, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று பேர். அந்தப் பேரில்தான் பட்டறை ஓடியது. இரவெல்லாம் மனைவியைத் திருப்பிப் படுக்க வைப்பதும் பகலெல்லாம் குனிந்து நிற்பதுமாக ஆள் பாதியாகியிருந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவார். எழுப்பி, டம்ளரை வாங்கி வைப்பேன்.

அவர் காதில் கோளாறு என்பதைத் தெர்மாமீட்டர்தான் காட்டிக்கொடுத்தது. மனைவியின் அக்குளில் வைத்துவிட்டு அவர் காத்திருந்தார். அது பீப் பீப் என்று கத்தி ஓய்ந்தும் எடுக்கவில்லை.

"கத்திடுச்சே மேஸ்திரி."

"எங்க கத்துச்சு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு வாசலில் வைத்து, "சிஸ்டர், இதை வெளிய சொல்லிடாதீங்க. காது போச்சுன்னா வண்டியும் போயிடும்" என்றார். மெல்லிசான சத்தங்கள் மட்டும்தான் கேட்பதில்லையாம். டாக்டரைப் பாருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். கேட்காத இடத்தில் நோயாளி வீட்டு விஷயத்தைச் சொல்வது என் தொழிலில் இல்லை. சும்மா இருந்துவிட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே விசில் அடித்துக்கொண்டிருந்த அந்தக் கார் அன்றைக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தது. முதல் முறை பெல்ட்டை மாற்றினார். அடுத்த முறை அதன் உருளையை மாற்றினார். விசில் போகவில்லை. டிரைவர் வாயாடி, ஆனால் அன்று சிரிக்கவில்லை.

"அண்ணே, சவாரி ஏறுறவங்க எல்லாம் குக்கர் எங்கய்யா இருக்குன்னு கேக்குறாங்க. இன்னிக்கு முடியலன்னா காலைல பெரிய ஒர்க்ஷாப்புக்கு விட்டுடுவேன். ஸ்டாண்டுல மத்தவங்களும் அதையேதான் சொல்றாங்க."

"எப்படி அடிக்குது? இன்னொரு தடவை அடிச்சுக் காட்டு."

டிரைவர் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். மேஸ்திரி கண்ணை மூடித் தலையாட்டினார். கொஞ்ச காலமாகவே எல்லா டிரைவர்களையும் இப்படி வாயால் சத்தம் எழுப்பிக் காட்டச் சொல்வார். அவர்களும் அதை அவருடைய பாணி என்று நினைத்து, கடகட, கிரீச் என்று உற்சாகமாகச் செய்வார்கள். வண்டியை விட்டுவிட்டு டிரைவர் கிளம்பியதும் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, அந்தாளு அடிச்சது ஒரு விசில், வண்டி அடிக்கிறது வேற விசில். இவன் தடியா ஊதுறான். அது ஊசி மாதிரி இருக்கு. நீங்க ஆக்சிலேட்டரை இழுத்தா நின்னுடுது, விட்டா வருது. படுத்துக் கிடக்கிற எனக்கே தெரியுது. உங்களுக்கு என்ன செவிடா?"

தினமும் திட்டுகிற திட்டுதான். ஆனால் மேஸ்திரி அன்று குழாயைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா. எனக்குக் கேக்கலை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு நாளா?"

"ஆச்சு, கொஞ்ச நாளா."

"அப்ப நான் கூப்பிடக் கூப்பிட வராம இருந்தது?"

"அது கேட்டுச்சு. எழுந்திரிக்கத்தான் முடியல."

அவள் சிரித்தாள். இடுப்பு வலித்ததும் நிறுத்திக்கொண்டாள். இத்தனை நாளும் இன்ஜினை விட்டுவிட்டு டிரைவரின் வாயை ரிப்பேர் பார்த்திருக்கிறார் மனுஷன் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

"போங்க, ஒவ்வொண்ணா அமுக்குங்க. நின்னா சொல்றேன்" என்றாள்.

கத்தினால் அவளுக்கு இடுப்பு வலிக்கும் என்பதால், விசில் நின்றதும் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவதாக ஏற்பாடு. சோதித்துப் பார்த்ததில் அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. பிறகு அவளுடைய ஊன்றுகோலைக் கொடுத்தேன். அதைக் கொண்டு கட்டில் சட்டத்தில் இடித்தால் கேட்டது. இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு குழாயாக விரலால் நசுக்கினார். கட்டில் இடிபடவில்லை. மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒன்றுமில்லை. வெயில் இறங்கிவிட்டது. அவர் உட்கார ஸ்டூலை வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். கடைசியில், ஆயில் அளவு பார்க்கும் நீளக் கம்பியை உருவினார்.

டக் என்று கட்டில் இடிபட்டது. கம்பியைத் திரும்பச் செருகினார். "வருது!" என்று கத்தினாள். மறுபடி உருவினார். டக்.

அதற்குமேல் அவருக்கு யார் காதும் தேவைப்படவில்லை. இன்ஜினுக்குள் இருக்கும் புகையை வெளியேற்றும் வால்வில் மெல்லிய ரப்பர் தகடு ஒன்று உண்டு. அது கிழிந்தால் இன்ஜின் அந்தக் கிழிசல் வழியே காற்றை உறிஞ்சும், விசில் அடிக்கும். கம்பியை உருவினால் காற்றுக்கு வேறு வழி கிடைத்துவிடும், சத்தம் நின்றுவிடும். வால்வின் மேலிருந்த சின்னத் துளையில் விரலை ஈரப்படுத்தி வைத்தார். விரலை உள்ளே இழுத்தது. ஓடிப்போய்ப் புது வால்வு வாங்கிவந்து மாட்டினார். அவள் நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "போயிடுச்சு. கை கழுவிட்டு வாங்க, முதுகு வலிக்குது" என்றாள்.

மறுநாள் காலை டிரைவர் வந்தார். கிளப்பிப் பார்த்துவிட்டு, "காதுன்னா உங்க காதுதான் அண்ணே!" என்றார். மேஸ்திரி அப்படியே விட்டிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"என் காது இல்ல, அவ காது. எனக்கு மெல்லிசான சத்தம் கேக்கிறதில்ல. பெல்ட், உருளை ரெண்டும் உன் வாயை நம்பி மாத்தினது."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். "ஸ்டாண்டுல சொல்லுவேன் அண்ணே."

"சொல்லு."

"அக்காவுக்கு இன்னும் எவ்வளவு நாள் படுக்கை?"

"அதை ஏன் கேக்குற?"

"எங்க எதிர்வீட்டுக்காரன் வண்டி பிரேக்ல ஏதோ கீச்சுங்குதுன்னான். அக்கா எழுந்து நடக்கிறதுக்குள்ள அனுப்பி வைக்கலாம்னுதான்."

மேஸ்திரி உள்ளே வந்து கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தார். நான் கால்மாட்டைப் பிடித்தேன். அவள் தலை பட்டறைப் பக்கம் வரும்படி கட்டிலை ஜன்னலை ஒட்டித் திருப்பிப் போட்டோம். "இடிக்காம போடுங்க" என்று அவள் இருவரையும் திட்டினாள். அன்று அவளுக்கு உடம்பு துடைத்துவிடக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.