முடியாது என்று சொல்ல ஒரு வாய் கேட்டேன்

கர்த்தருக்குள் அன்பான என் சபைக் குடும்பத்தாரே, போன வருடம் மழைக்காலத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, ஆனால் அது நாற்பது சதவீதத்தைத் தொடவில்லை என்று அதில் இருந்தது. நாற்பதைத் தொட்டால்தான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழால் பயன் உண்டு. இல்லாவிட்டால் அரசு உதவியும் கிடையாது, வேலையில் ஒதுக்கீடும் கிடையாது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னை ஏன் படைத்தீர் என்று மட்டும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ஷீபா. வயது முப்பத்தொன்று. பெங்களூரு ஈஜிபுராவில் அம்மாவோடு ஒற்றை அறை வீட்டில் இருக்கிறேன். அப்பா காலமாகிவிட்டார். ஆராதனை நேரத்தில் பாய்கள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேனே, அந்த ஷீபா. எனக்குப் பெருமை என்று சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. பெருமை எல்லாம் இல்லை. டிரம்ஸ் அடித்தால் எனக்குப் பல் கூசும், நெஞ்சு படபடக்கும், பிறகு பாஸ்டர் ஐயா பேசுவது ஒரு வார்த்தையும் ஏறாது. இதற்கு ஆட்டிசம் என்று பெயர் என்பதே இருபத்தெட்டாவது வயதில் ஒரு மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரியும். அதுவரை நான் ஏதோ சரியாக வளர்க்கப்படாதவள் என்றே நானும் நினைத்தேன், அம்மாவும் நினைத்தார்கள்.

பொம்மசந்திராவில் ஒரு துணிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை செய்தேன். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. சூப்பர்வைசரே என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். ஆனால் ஒருநாள் என் மேசையை அபாய மணிக்குக் கீழே மாற்றினார்கள். மணி அடித்ததும் மேசைக்கு அடியில் போய்விட்டேன். வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த வேலை போனது. அடுத்த கம்பெனியிலும் இதே கதைதான், அங்கே மணிக்குப் பதில் கேன்டீன் இரைச்சல்.

அப்போதுதான் ஓர் அரசு அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு விளம்பரம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடம். கதவை மூடினால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று அங்கே வேலை பார்ப்பவர் ஒருவர் சொன்னார். நான் தேர்வு எழுதித் தேறிவிட்டேன். மூன்று மாதத்தில் சரிபார்ப்பு. அதற்குள் நாற்பது சதவீதம் போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு ஏற்ற வேலை என்று ஒன்று வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணில் பட்டிருந்தது.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். எப்படி என்றால், நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. குறைவை வாயால் சொல்லக் கூடாது, ஜெயத்தையே அறிக்கை செய்ய வேண்டும். காய்ச்சலோடு இருப்பவரைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்போம். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை உபவாசக் கூடுகையில் வசந்தா அக்கா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். வீட்டு ஜெபக்குழுவை நடத்துபவர், என்மேல் உண்மையான பாசம் உள்ளவர்.

"டாக்டர் எது கேட்டாலும் முடியாதுன்னு மட்டும் உன் வாயில வரக் கூடாது ஷீபா. கர்த்தர் கூட இருக்கார், சமாளிக்கிறேன்னு தைரியமா சொல்லு" என்றார். அம்மாவும் "ஆமாண்டி, நெகட்டிவா எதையும் பேசிடாத" என்றார்கள்.

மற்றவர்களாக இருந்தால் எதைச் சபையில் பேசுவது, எதை மருத்துவரிடம் பேசுவது என்று பிரித்துப் பார்த்திருப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சொன்னால் சொன்னபடி செய்வேன்.

"தனியா வெளிய போவீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். கர்த்தர் கூட இருக்கிறார், சமாளிக்கிறேன் என்றேன். "சத்தம் தொந்தரவா இருக்குமா?" சமாளிக்கிறேன். "ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?" சபையில் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள் என்றேன். சிரிக்கவும் செய்தேன். அந்தச் சிரிப்பு, சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து அம்மா பழக்கியது. "ரொம்ப நல்லாப் பேசுறீங்களே!" என்று மருத்துவர் பாராட்டினார். இருபது நிமிடத்தில் முடிந்தது. நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

காகிதம் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது, பாய் அறையில் இருந்து ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை. "ஆண்டவரே, உமக்குச் சாட்சியாகப் பேசுகிறேன் என்று நினைத்து நான் பொய் பேசிவிட்டேன். உமக்கு என்னைத் தெரியுமே! என்னை வேறு ஆளாக்கும் என்று நான் கேட்கவில்லை. என்னால் முடியாததை முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு வாய் கொடும்" என்றேன். அழுதேன். தேம்பித் தேம்பி அழுதேன். டிரம்ஸ் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மதிப்பீடு தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே இருந்தது. மனு எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே "நாளெ பன்னி" என்றார். கன்னடத்தில் நாளை வாருங்கள் என்று அர்த்தம். மறுநாள் பத்து மணிக்குப் போய் நின்றேன். மறுபடியும் "நாளெ பன்னி". மறுபடியும் போனேன். ஆளைக் கழற்றிவிடுவதற்காக அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. வரச் சொன்னார், வந்தேன். ஐந்தாம் நாள் அவரே "ஏனம்மா நீவு, தினமும் பத்து மணிக்கே வந்து நிக்கிறீங்களே!" என்று கன்னடமும் தமிழும் கலந்து புலம்பிவிட்டு மனுவை வாங்கி முத்திரை குத்தினார். என்னை எல்லோரும் குறை சொல்லும் குணத்தைக் கொண்டே கர்த்தர் அந்தக் கதவைத் திறந்தார்.

மனுவோடு, அன்றாடம் எந்தெந்த வேலைக்கு அடுத்தவர் உதவி தேவைப்படுகிறது என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு வாரம் கவனித்து எழுதினேன். உடையின் கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டிக் கொடுப்பது அம்மா. மிக்ஸி போடுவதற்கு முன் என்னைக் குளிக்க அனுப்புவது அம்மா. எனக்கு வரும் போனை எடுத்துப் பேசுவது அம்மா. பசிக்கிறது என்று எனக்கே தெரியாது, தட்டைக் கொண்டுவந்து வைப்பது அம்மா. நாற்பத்தாறு விஷயங்கள் ஆகின. இதை அம்மாவிடம் காட்டக் கூடாது என்று தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். உறை மாற்றும்போது அம்மா எடுத்துப் படித்துவிட்டார்கள்.

"என்னடி இது? எல்லா அம்மாவும் செய்யறதுதானே இதெல்லாம்?"

"முப்பத்தொரு வயசு பொண்ணுக்குச் செய்வாங்களாம்மா?"

அம்மா பாத்திரம் கழுவப் போனார்கள். கழுவி முடித்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, என் பேனாவை எடுத்து அடியில் தன் கையால் மூன்று வரி சேர்த்தார்கள். நான் எழுத மறந்தவை அவை.

இரண்டாவது மதிப்பீடு வேறு மருத்துவமனையில் நடந்தது, அம்மாவும் கூட வந்திருந்தார்கள். மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெரிய டாக்டர், "எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். "பஸ்ல" என்றேன். "தனியா வருவீங்களா?" அவ்வளவு ஜெபித்தும் பழக்கம் விடவில்லை. சிரித்துக்கொண்டே "கர்த்தர் கூட இருக்கார், சமாளிக்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"ஏய், பொய் சொல்லாதடி!"

அம்மாதான். அறையே திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்து நின்றுவிட்டார்கள்.

"சார், இவ பஸ்ல தனியா போவா. ஆனா அதுக்கு நான் பதினாறு நாள் கூடப் போய்ப் பழக்கினேன். ஒருநாள் மெட்ரோ வேலைன்னு ரூட்டை மாத்திட்டாங்க. இறக்கிவிட்ட இடத்துலயே மூணு மணி நேரம் நின்னா சார், மழையில. யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. போனை எடுக்கல. நான் தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். இத்தனை வருஷமா யாருக்கும் தெரியாம மூடி மூடி வெச்சேன் சார். கல்யாணம் நடக்காதுன்னு பயம். விசுவாசம் இல்லைன்னு சொல்லிடுவாங்கன்னு பயம். நாளைக்கு நான் போயிட்டா இவளுக்கு யாரு சார் இருக்கா?"

அம்மா முப்பத்தைந்து நிமிடம் பேசினார்கள். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தார்கள். பிறகு எனக்கும் பேச்சு வந்தது. "டாக்டர், நான் உங்க கண்ணைப் பார்க்கலை. புருவத்துக்கு நடுவுல பார்க்கிறேன். மூணு வரைக்கும் எண்ணிட்டு ஒருதடவை சிரிப்பேன். அம்மா சொல்லிக்கொடுத்தது" என்றேன்.

பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்போ எத்தனைல இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.

"வேணாம். என் முன்னாடி சிரிக்க வேண்டியதில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மதிப்பீட்டு அறையில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஐம்பது சதவீதம் போட்டார்கள்! சரிபார்ப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. வேலையும் கிடைத்தது. எட்டு மாதமாகப் போய்வருகிறேன், ஒரு நாள்கூட மேசைக்கு அடியில் போகவில்லை. மின்விசிறியைப் பற்றி அங்கே வேலை பார்ப்பவர் சொன்னதும் உண்மைதான். கர்த்தரிடம் ஒரு வாய் கேட்டேன். அவர் அம்மாவின் வாயையும் சேர்த்துக் கொடுத்தார். அம்மாவும் மாறிவிட்டார்கள். முழங்கால் வலியை இத்தனை வருடம் மறைத்தவர்கள், இப்போது வலிக்கிறது என்று சொல்லி மருந்து வாங்குகிறார்கள்.

வேலையில் சேர்ந்த வாரம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். மைக் வேண்டாம் என்றதால் எல்லோரும் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தீர்கள். அந்த அன்பை மறக்க மாட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் வசந்தா அக்கா, கண்ணெல்லாம் கலங்கி, "அப்போ கர்த்தர் உன்னைச் சுகமாக்கிட்டாரா ஷீபா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நான் அப்படியேதான் இருக்கேன். ஜெபத்துக்குப் பதில் வந்துடுச்சு" என்றேன்.

முதலில் "அல்லேலூயா!" என்று சத்தம் போட்டது என் அம்மா. அடுத்தது வசந்தா அக்கா.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது முடியாத ஒன்றை முடியும் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப் போயிருக்கலாம். மனம் உடைய வேண்டாம். உங்களை உண்டாக்கினவரிடம் முதலில் உண்மையைச் சொல்லுங்கள், பிறகு உங்களுக்கு உதவ வேண்டிய மனிதரிடமும் சொல்லுங்கள். கர்த்தர் உங்களை வெட்கப்படுத்த மாட்டார். என்னை வெட்கப்படுத்தவில்லை. இந்த ஞாயிறு உங்களுக்கும் சத்தம் அதிகமாகத் தெரிந்தால் பாய் அறைக்கு வாருங்கள், இடம் இருக்கிறது, சேர்ந்து ஜெபிப்போம்.