நானே வரைந்த பாதை

மூன்று வருடங்களுக்கு முன், தீபாவளியை ஒட்டி நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. நானும் கணவரும் பெங்களூரிலிருந்து கிளம்பி, சக்லேஷ்பூர் தாண்டி மலைமேல் ஒரு காபித் தோட்டத்து ஹோம்ஸ்டேயில் போய்த் தங்கினோம். சும்மா ஊர் சுற்ற அல்ல. நான் வரைந்த ஒரு பாதையில் நடந்து பார்க்க.

எனக்கு வேலை, மேப் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில். லிங்கராஜபுரத்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருபது நிமிடம். மலையேறுகிறவர்கள் போனில் பார்த்துக்கொண்டே நடக்கிற மேப் அது. வெள்ளைக்காரர் காலத்து சர்வே வரைபடங்களை ஸ்கேன் செய்து தருவார்கள். அதிலிருக்கும் ஆறு, ஓடை, பாதை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோடாக இழுத்து ஏற்றுவோம். அப்படி நான் இழுத்ததில் ஒன்று, அந்த மலையிலிருந்து சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டம் வரை இறங்கும் ஒன்பது கிலோமீட்டர் கோடு. பழைய வரைபடத்தில் அது மங்கலான புள்ளிக்கோடாகத்தான் இருந்தது. துரைமார்கள் குதிரையில் போன பாதை என்று நானே முடிவு செய்துகொண்டு, ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

ஹோம்ஸ்டேக்காரரிடம் காலையில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அல்லி தாரி இல்லா மேடம்," என்றார்.

அங்கே வழியே கிடையாதாம். அட்டையும் யானையும்தானாம். நான் போனை நீட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், மேப்பிலேயே இருக்கிறதென்றால் தனக்குத்தான் தெரியவில்லையோ என்னவோ என்று ஒதுங்கிக்கொண்டார். வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டுமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு காலடியில் இருந்த தடம் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. பிரம்புப் புதரும் இடுப்பளவு செடியுமாக இருந்தது. வெயிலே உள்ளே இறங்காததால் கிழக்கு எது, மேற்கு எது என்று புரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் இடது பக்கம் கேட்டது, பத்து நிமிடத்தில் வலது பக்கம் கேட்டது. ஆனால் போனில் எங்களைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் கோட்டின்மேலேயே இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. சரியான இடத்தில்தான் நிற்கிறோம், ஆனால் அந்த இடத்தில் பாதை இல்லை.

நடுவில் ஓர் இடத்தில் பாசி படிந்த கல் ஒன்று நட்டிருந்தது. துடைத்துப் பார்த்தால் இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். மைல்கல் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெம்பு வந்தது. என் கணவர் சமாதானமாகவில்லை.

"தண்ணி சத்தம் கேக்குது பாரு. அத புடிச்சிக்கினே எறங்கிடலாம்," என்றார்.

"லைன் மேலதாங்க நிக்கிறோம். இன்னும் கொஞ்சம் போனா பாதை வந்துரும்," என்றேன் நான்.

எனக்காக அவர் வந்தார். கோடு ஒரு பாறைச் சரிவில் நேராக இறங்கியது. அதில் குதிரை என்ன, ஆடுகூட இறங்காது. அப்போதும் எனக்குக் கோட்டின்மேல் சந்தேகம் வரவில்லை, காட்டின்மேல்தான் வந்தது. நான் உட்கார்ந்தபடியே இறங்கிவிட்டேன். பின்னால் வந்த கணவர் வழுக்கி விழுந்து முழங்காலைச் சுளுக்கிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முட்டி வீங்கியது. போனில் சிக்னல் இல்லை. மணி இரண்டரை.

அதற்கப்புறம் நான் போனைப் பையில் போட்டுவிட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நடந்தோம். விழுந்தோம், எழுந்தோம். யாராவது நம்மைத் தேடுவார்களா, யாருக்குத் தெரியும் நாம் கோட்டைவிட்டு விலகி இங்கே இருப்பது என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து மணி வாக்கில் மரங்கள் திடீரென்று வரிசையாக நிற்க ஆரம்பித்தன. ரப்பர் மரங்கள். அங்கே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், எங்களைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் பதற்றத்தில் தமிழில் பதில் சொல்லிவிட்டேன். அவர் உடனே தமிழுக்கு மாறினார்.

"நீங்களும் அந்த போன் ரோட்டுலதான் வந்தீங்களா தங்கச்சி?"

அவர் வீடு பக்கத்திலேயே இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிவந்த தமிழர்களை ரப்பர் பால் எடுக்க அங்கே குடியமர்த்தியிருந்தார்களாம், அவர்களில் ஒரு குடும்பம். வாசலில் அவருடைய கணவர் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என் கணவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், பக்கத்தில் உட்காரவைத்து முட்டியில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டினார். அந்த அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தார். வழியில் மைல்கல் பார்த்தோம் என்று நான் சொன்னேன்.

"அது மைல்கல் இல்ல. வெள்ளக்காரன் தோட்டத்து எல்லைக்கல்லு," என்றார் அந்த அண்ணன். "அந்தப் பக்கம் என்னிக்கும் பாதை இருந்ததில்லம்மா."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். வரைபடத்தில் மங்கிப்போயிருந்த அந்தப் புள்ளிக்கோடு, பாதையே இல்லை. தோட்டத்தின் எல்லை.

அக்கா சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனார். ஒரு வருடமாகத்தான் இப்படி ஆட்கள் வழிதவறி வருகிறார்களாம். போன மழைக்கு இரண்டு பேர் மேலே மாட்டிக்கொள்ள, தன் கணவர்தான் தேடிப்போனாராம். அவர்களை இறக்கிக் கொண்டுவரும்போது விழுந்து இவர் கால் முறிந்ததாம். அதற்கப்புறம் மேடு பள்ளத்தில் மரத்துக்கு மரம் நடந்து பால் எடுக்க முடியவில்லையாம்.

நான் அந்தக் கோட்டை ஏற்றியும் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல் இருந்தது. சொல்லாமல் அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

"அக்கா, அந்த ரோட்ட போன்ல போட்டது நான்தான்," என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

"நீங்க போட்டதா? அப்புறம் எப்படி நீங்களே தொலைஞ்சீங்க?"

கேலி இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அண்ணன்தான் மனைவிக்கு விளக்குவதுபோல் மெதுவாகச் சொன்னார்.

"இங்க வராமலே போட்டிருப்பாங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, அதை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். "அழிச்சிடுங்க," என்றார். அவ்வளவுதான். யாருக்கோ சொல்லி ஜீப் வரவழைத்து, இருட்டுவதற்குள் எங்களைச் சுள்ளியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

விடுமுறை முடிந்த அன்றைக்கே அந்தக் கோட்டை அழித்தேன். அதே மாதிரி நான் இழுத்த மற்ற கோடுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன், சந்தேகமானவற்றை எடுத்தேன். ஆனால் சில மாதம் கழித்து வேறொரு மேப்பில் அதே கோடு, அதே வளைவோடு இருந்ததைப் பார்த்தேன். யாரோ எங்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

ஒவ்வொரு மழைக்கு முன்னும் அக்காவுக்கு போன் செய்து, யாராவது வந்தார்களா என்று கேட்கிறேன். யாரும் வரல, நீங்கதான் வரணும் என்கிறார். அவர்கள் என்னை மன்னித்துவிட்டார்களா, இல்லை என் தவறு என்னவென்றே அவர்களுக்குப் புரியவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு கோட்டை இழுக்கும்போதெல்லாம், அதன் மறுமுனையில் யாரோ ஒருவர் என்னை நம்பிக் கால் வைக்கப்போகிறார் என்ற பயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.