கீழ்மூலைத் தடம்

வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அவரைத் தெருவில் எல்லோரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் கைபட்ட எந்த வண்டியிலும் கதவின் கீழ்மூலையில் பிறை மாதிரி ஒரு தடம் இருக்கும்.

இப்போது பட்டறையில் நின்றது மச்சானின் பால் வேன். அதன் பின்கதவு துத்தநாகம் பூசிய தகடு. போன தடவை அதற்கும் வழக்கமான சிவப்புப் பிரைமரையே அடிப்பூச்சாக அடித்துத் தொலைத்தார். முதல் மழையிலேயே பெயின்ட் வெங்காயத் தோலாக உரிந்து வந்தது. மச்சான் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தகட்டைக் கவ்விப் பிடிக்கிற பிரைமரே வேறு என்று பிறகுதான் தெரிந்தது. இம்முறை அதைத் தேடி வாங்கி அடித்து, மேலே வெள்ளையும் பூசியாயிற்று. ஆனாலும் அவர் கட்டைவிரல் கதவின் கீழ்மூலையை நோக்கி நீண்டது.

"அண்ணன் வண்டி. நாளைக்கு வரைக்கும் கை வைக்காதீங்க," என்றாள் மனைவி. "வச்சா நீங்களே கெடுத்துடுவீங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு வேனையே சுற்றிச் சுற்றி வந்தார். மழைக்கு வானம் கறுத்தபோது பாதிச் சாப்பாட்டில் எழுந்து வேனிடம் ஓடினார். ஆனால் தொடவில்லை.

மறுநாள் காலை குனிந்து பார்த்தார். கீழ்மூலையில் பிறை மாதிரி ஒரு தடம். அவருடையதைவிடச் சின்னது.

திரும்பினார். மனைவியின் கட்டைவிரல் நகத்தடியில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"உங்களைத்தானே கை வைக்கக் கூடாதுன்னேன்," என்றாள் அவள்.