இடது சீட்டுக்கு ஒரு கனமான ஆள்

மாலை ஆறு அடிக்கக் கால் மணி இருக்கும்போது போன் வந்தது. பாலத்து உச்சியில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், வழக்கமாக இவர்கள் காருக்குக் காற்றடிக்கிற ஆள்.

"அக்கா, சார் வண்டி இங்க ஓரமா நிக்குது. என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கு. சாரும் உள்ளதான் இருக்காரு."

"அது அப்படித்தாங்க. ரெண்டு நிமிஷம் ஓடவிட்டுத்தான் நிறுத்துவார்" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள். பாதி மடிப்பதற்குள் மறுபடி மணி அடித்தது.

"அக்கா, நீங்க கொஞ்சம் வந்துட்டா நல்லது."

அவள் கணவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. பிறந்ததிலிருந்து யாரையும் முந்தாதவர். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, கவுண்டர் ஜன்னலைச் சாத்தியதும் வெறுங்கையோடு வீடு திரும்புவார். பதவி உயர்வும் அப்படித்தான் கைநழுவிப் போனது. ரோட்டில் சைக்கிள்காரன்கூட அவர் காரை ஒதுங்கச் சொல்லி மணியடிப்பான்.

காரும் அவருக்கேற்ற கிழம். ஞாயிறுதோறும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் பயணம். அவள், இரண்டு பெண்கள், வேலைக்காக இவர்களோடு தங்கியிருக்கும் அவள் தம்பி. தம்பி கொஞ்சம் கனமான ஆள். பாலத்து ஏற்றத்தில் கார் முக்கி முனகும்போது, "நான் இறங்கிக்கிறேன் அத்தான்" என்று இறங்கி நடப்பான். ஒருநாள் அவன் உச்சிக்குப் போய், சோடா வாங்கிக் குடித்து, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, ஏப்பமும் விட்ட பிறகுதான் கார் வந்து சேர்ந்தது.

"என்ன அத்தான், வழியில படுத்துத் தூங்கிட்டு வந்தீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்ததை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு: குடும்பத்தில் ஒருவரும் இறங்காமல் அந்த மேட்டை ஏறிவிட வேண்டும்.

"டர்போ வைக்கப் போறேன்" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "என்ஜினுக்கு மூச்சு பத்தல. இது வெளிய போற புகையை வச்சே ஒரு காத்தாடியைச் சுத்தி, காத்தை உள்ள அழுத்தி ஊதும்."

"எனக்குந்தான் காலையிலேருந்து மூச்சு வாங்குது. எனக்கு யாரு ஊதுறா?" என்றாள் அவள்.

மெக்கானிக்குக்குப் 'பரவாயில்லை' என்று பட்டப்பெயர். எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். நசுங்கிப்போன ஒரு டீசல் வேனிலிருந்து டர்போவைக் கழற்றி வந்து, நாள்கணக்காகக் குழாய்களை வெட்டி ஒட்டிப் பொருத்தினார். ஓட்டி முடித்ததும் உடனே நிறுத்தினால் அது சூட்டில் கெட்டுப்போகும், இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும் என்றார். அன்றிலிருந்து குடும்பமே வீட்டு வாசலில் காருக்குள் உட்கார்ந்து அந்த இரண்டு நிமிஷத்தைக் கழித்தது. காற்றழுத்தம் பார்க்க அவள் கணவர் ஒரு மீட்டரும் வாங்கி, டாஷ்போர்டில் வைத்து ஒரு திருகை மட்டும் முடுக்கினார். இன்னொன்றுக்குக் குட்டை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். "அடுத்த ஞாயிறு" என்று திருகைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டு வைத்தார்.

முதல் ஓட்டத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. மேலும் மிதித்தார். சட்டென்று யாரோ முதுகில் உதைத்த மாதிரி கார் பாய்ந்து, வலப்பக்கம் திரும்பி, இஸ்திரி வண்டிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

"முன் சக்கரம் இழுக்கிற வண்டி சார்" என்றார் மெக்கானிக். "திடீர்னு பலம் வந்தா ஒரு பக்கமா இழுக்கத்தான் செய்யும். இடது சீட்டுல கனமா ஒரு ஆள் உக்காந்தா பரவாயில்லை."

கனம் என்று இறங்கி நடந்தவனைக் கனம் என்பதற்காகவே கூப்பிட வேண்டியதாயிற்று.

"நான் என்ன மச்சினனா, மணல் மூட்டையா?" என்று கோபித்துக்கொண்டு தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போக ஆரம்பித்தான். அவர் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். வரமாட்டேன் என்றுவிட்டான்.

போன் வந்த அந்த மாலை அவளும் தம்பியும் ஆட்டோவில் போய் இறங்கியபோது, இடது சீட்டில் ஒரு மணல் மூட்டை இருந்தது. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார். பக்கத்தில் அவர், ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி. இதயம் நின்றுவிட்டதென்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னார்.

"சும்மா பறந்து வந்தாரு அக்கா" என்றார் பஞ்சர் கடைக்காரர். "ஒரு தண்ணி லாரியை முந்தினாரு. முந்திட்டு, ஜன்னல் வழியா கையை நீட்டி லாரிக்காரன்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. அப்புறம் ஓரமா நிறுத்தினாரு, அவ்வளவுதான்."

"நேரா வந்தாரா?" என்று கேட்டான் தம்பி.

"கோடு போட்ட மாதிரி."

தம்பி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்ஜினை அணைக்கச் சாவிக்குக் கை நீட்டினான்.

"இருடா" என்றாள் அவள். "ரெண்டு நிமிஷம்."

அரை மணிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த வண்டி. தம்பி கையை எடுத்துக்கொண்டு நின்றான்.

காரியங்களெல்லாம் முடிந்து ஒரு ஞாயிறன்று, அவள்தான் ஓட்டினாள். யாரும் கூப்பிடாமலே தம்பி இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பெண்கள் பின்னால், நடுவில் மணல் மூட்டை.

"அது எதுக்கு மாமா?" என்றாள் சின்னவள்.

"இருக்கட்டும். என்னைவிட அனுபவம் உள்ள ஆள்."

ஏற்றத்தில் அவள் மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கார் பாய்ந்தது. ஒருவரும் இறங்கவில்லை. உச்சியில், பஞ்சர் கடைக்கு எதிரே நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மீட்டர் ஒற்றைத் திருகில் சாய்ந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு திருகு சாம்பல் கிண்ணத்திலேயே கிடக்கிறது.